புது நுரையீரல், பழைய கைகள்: மாற்று அறுவைக்குப் பின் கைகளைப் பழக்குவது எப்படி

மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பிய பத்தாம் நாள், குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கொடியில் போடப் போனேன். முதல் வீச்சில் துண்டு கொடியை எட்டவில்லை. இரண்டாம் முறை கையை உயர்த்தியதும் தோள் நடுங்கியது, மூச்சு இரைத்தது. பயந்துபோய் உட்கார்ந்து ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 97 காட்டுகிறது. நுரையீரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. கைதான் வரவில்லை. அந்த நாளில் அப்படிக் கையை வீசியிருக்கவே கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முந்தின நாள்தான் மருத்துவமனை நடைக்கூடத்தில் ஆறு நிமிட நடைச் சோதனையை நன்றாக முடித்திருந்தேன். எத்தனை மீட்டர் நடந்தேன் என்பது சென்னையிலிருக்கும் என் நாத்தனாருக்குக்கூட மனப்பாடம். ஆனால் தலை பின்ன முடிகிறதா, ரவிக்கை போட முடிகிறதா, குக்கரை இறக்க முடிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் அல்சூர்க்காரி. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய் வந்து, இரண்டு நுரையீரலையும் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பெங்களூரில் இந்தச் சிகிச்சை முடித்த தமிழ்க் குடும்பங்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்பதெல்லாம் மாத்திரையும் சாப்பாடும்தான். கையைப் பற்றிய பேச்சை நானாகவே எடுக்க வேண்டியிருக்கிறது. அதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன். இதில் எதுவும் உங்கள் அறுவை மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ சொன்னதோடு முரண்பட்டால், அவர்கள் சொன்னதையே கேளுங்கள்.

கை ஏன் இப்படி ஆனது?

கழுத்திலும் தோளிலும் இருந்து மார்புக்கூட்டுக்கு வரும் தசைகளுக்கு இரண்டு வேலை. தோளையும் கையையும் நிலைநிறுத்தித் தூக்குவது ஒன்று. மூச்சு போதாதபோது விலா எலும்புகளை இழுத்துக் கொடுப்பது மற்றொன்று. நோய் முற்றியவர்கள் மேசைமேல் முழங்கையை ஊன்றிக் குனிந்து உட்கார்வது இதனால்தான். கை ஊன்றியிருந்தால் அந்தத் தசைகள் மூச்சுக்கு உதவலாம். கையைத் தூக்கினால் அந்த உதவி போய்விடும். ஆகவே நோயாளி தானறியாமலே கை தூக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார். நான் கரும்பலகையின் மேல்வரியை விட்டுவிட்டுப் பாதியிலிருந்து எழுதத் தொடங்கியது நோய் தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே. அப்போது அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

அடுத்தது அறுவை. இரண்டு நுரையீரலையும் மாற்றும்போது பெரும்பாலும் மார்புக்குக் கீழே ஒரு பக்க அக்குளருகிலிருந்து மறுபக்கம்வரை குறுக்கே வெட்டி, மார்பெலும்பையும் குறுக்காக அறுத்து, சிப்பியைத் திறப்பதுபோல் திறக்கிறார்கள். முடிந்ததும் கம்பியால் கட்டிச் சேர்க்கிறார்கள். ஒரு நுரையீரல் மட்டும் என்றால் பெரும்பாலும் பக்கவாட்டு வெட்டு. எப்படியானாலும் தோளை அசைக்கும் தசைகளின் பக்கத்தில்தான் கத்தி போகிறது.

மூன்றாவது மருந்து. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உடம்பின் நடுப்பகுதியை ஒட்டிய தசைகளை, அதாவது தோள், இடுப்பு, தொடைத் தசைகளை மெலியச் செய்யும். எலும்பையும் அரிக்கும். புது நுரையீரலை உடம்பு எதிர்க்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ் கைநடுக்கம் தரும். நல்ல நுரையீரல் கிடைத்த பிறகும் பலருடைய உச்ச உடற்பயிற்சித் திறன், அதே வயதில் ஆரோக்கியமாக இருப்பவருக்கு எதிர்பார்க்கும் அளவில் 40 முதல் 60 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அங்கே தடையாக இருப்பது தசை. 1963இல் உலகில் முதன்முதலாக நுரையீரல் மாற்றப்பட்டவர் 18 நாள்தான் உயிரோடு இருந்தார். துண்டு கொடியை எட்டவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொள்வதை அந்தக் கால மருத்துவர்கள் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

படுக்கையிலேயே தொடங்குவது

குழாய்கள் எடுக்கும் முன்பே இயன்முறை மருத்துவர் வந்து கையை மூடித் திறக்கவும், முழங்கையை மடக்கி நீட்டவும், தோளை மெதுவாக உயர்த்தி இறக்கவும், பின்பக்கமாக உருட்டவும் சொல்வார். சின்னக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். செய்யுங்கள். வலிக்குப் பயந்து கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டே இருந்தால் தோள் மூட்டு இறுகிவிடும், அதைத் திறக்க மாதக்கணக்கில் ஆகும். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்தால் சுலபமாக வரும்.

எழுந்திருக்கும் முறையை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். ஒரு கையைப் பின்னால் ஊன்றி உந்தி எழக்கூடாது. கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டும் எழக்கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, அந்தக் கனத்தில் உடம்பு தானாக எழும்படி விடவேண்டும். இருமும்போது ஒரு தலையணையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். புது நுரையீரலுக்குப் போகும் நரம்புகள் அறுபட்டிருப்பதால் சளி சேர்ந்தாலும் இருமல் தானாக வராது, நாமாகத்தான் இருமவேண்டும். ஆகவே அந்தத் தலையணை வீட்டிலும் சில வாரம் உங்களோடு இருக்கும்.

முதல் மூன்று மாதம்: எடை தெரிந்து தூக்குவது

மார்பெலும்பு சேர 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை நான்கு, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்பது பல மருத்துவமனைகளின் கணக்கு. சில இடங்களில் இன்னும் குறைத்துச் சொல்வார்கள். உங்கள் கணக்கு எவ்வளவு, எந்தத் தேதிவரை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை வீட்டில் ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்திருப்பார்கள்.

இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோ என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தூக்க யாரும் விடப்போவதில்லை. காஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்து முப்பதை ஒட்டி வரும். அதன் பக்கமும் போகமாட்டோம். ஏமாற்றுவது நடுத்தரச் சாமான்கள். சாம்பார் நிரம்பிய குக்கர், மாவோடு இருக்கும் கிரைண்டர் பாத்திரம், பிழியாத படுக்கை விரிப்பு, ஈரமான ஜமக்காளம், சந்தையிலிருந்து வந்த காய்கறிப் பை. ஒரு தராசு வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாமான்களையெல்லாம் நிறுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் குக்கர் சாதத்தோடு நான்கரை கிலோ காட்டியது. என் கணவர் சிவப்புப் பொட்டு வாங்கிவந்து, ஐந்து கிலோவைத் தாண்டிய எல்லாவற்றிலும் ஒட்டினார். பேத்தி தாத்தாவின் வயிற்றிலும் ஒன்று ஒட்டினாள்.

எடையைவிட முக்கியம், முழங்கை எங்கே இருக்கிறது என்பது. ஒரு பீப்பாய்க்குள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கை விலாவை ஒட்டி இருக்கும்வரை பெரும்பாலான வேலைகள் பயமில்லாதவை. கை நீண்டு, ஒற்றைக்கையாக, திடீரென்று இழுக்கும்போதுதான் ஆபத்து. எட்டாவது வாரம் இறுகிப்போன அரிசி டப்பா மூடியை வெடுக்கென்று இழுத்தேன். மார்புக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் அன்றிரவு தூங்கவில்லை. மூடியைத் திறப்பது, கதவைத் தள்ளுவது, சிக்கிய ஜன்னலை நகர்த்துவது எல்லாம் அந்தக் காலத்தில் வேறொருவர் வேலை.

பஸ்ஸில் நின்றுகொண்டு மேல்கம்பியைப் பிடிப்பதும் இந்தப் பட்டியலில் வரும். ஓட்டுநர் பிரேக் போட்டால் உங்கள் முழு எடையும் ஒரு தோளில் தொங்கும். ஆட்டோவில் கம்பியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளும் பழக்கமும் அப்படியே. பெங்களூர்ச் சாலைக் குழிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, கூட்டமில்லாத நேரம் பார்த்து உட்கார்ந்து போகலாம். வண்டி ஓட்டுவதற்கு மருத்துவர் தேதி சொல்லும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

அளந்து வைத்துக்கொள்வது

காலுக்கு ஆறு நிமிட நடை இருப்பதுபோலக் கைக்கும் சோதனைகள் உண்டு. ஒன்றில், பலகையில் மேலும் கீழுமாகச் செருகிய முளைகளுக்கு வளையங்களை மாற்றி மாற்றி மாட்டவேண்டும். ஆறு நிமிடத்தில் எத்தனை வளையம் என்பது கணக்கு. இன்னொன்றில், உட்கார்ந்தபடி ஒரு கோலைப் பிடித்துப் படிப்படியாக உயரும் கோடுகள்வரை தாளத்துக்கேற்பத் தூக்கவேண்டும். உங்கள் இயன்முறை மருத்துவரிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள், கேட்காவிட்டால் நடையோடு நின்றுவிடும்.

வீட்டில் நான் செய்துகொண்ட அளவு எளிது. கை தூக்க அனுமதி கிடைத்த பிறகு, முதுகு சாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்து, காலி பிளாஸ்டிக் பாட்டிலை இரண்டு கையாலும் மடியிலிருந்து தோள் உயரத்துக்கு உயர்த்தி இறக்குவது. ஒரு நிமிடம். எத்தனை தடவை என்று குறிப்பேட்டில் எழுதுவது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்கள்: சிரமம் சுழியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு. வாரம் ஒரு முறை போதும். தினமும் அளந்தால் மனம்தான் கெடும்.

ஆக்சிமீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கை ஆடும்போது அது உளறும். தூக்கிய கையிலோ நடுங்கும் விரலிலோ வந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கையை மடியில் வைத்து, விரல் சூடாக இருக்கிறதா பார்த்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்து படியுங்கள். நகப்பூச்சு வேண்டாம்.

பயிற்சி

தோள் எவ்வளவு தூரம் வருகிறது என்பது முதலில்; பலம் பிறகு. என்னைப் பழக்கியது ஒரு வேலூர்ப் பெண். அவர் முதலில் கொடுத்தது சுவரில் விரல் நடை. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கை விரல்களையும் பல்லி ஏறுவதுபோல் மெல்ல மேலே நகர்த்தி, இழுப்புத் தெரியும் இடத்தில் ஐந்து எண்ணி, அதே வழியில் இறங்குவது. ஏறிய இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். வாடகை வீடாயிற்றே என்று தயங்கினேன். இன்றைக்கும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. முதல் கோடு என் மூக்குக்கு நேராக.

அது சுலபமான பிறகு, மல்லாந்து படுத்து ஒரு துடைப்பக் கழியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது. பிறகு உட்கார்ந்து, தாங்கல் எதுவும் இல்லாமல் வெறுங்கையை முன்பக்கமாகத் தோள் உயரம், அப்புறம் பக்கவாட்டில். வெறுங்கை என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். தாங்கல் இல்லாமல் தூக்கும் கைதான் வீட்டு வேலையில் நமக்குத் தேவைப்படும் கை. பயிற்சிக்கூடங்களில் கையால் சுற்றும் மிதிவண்டி இருக்கும், அது நல்லதுதான். ஆனால் அதில் கைப்பிடி கையைத் தாங்கிக்கொள்கிறது. அதை அரை மணி நேரம் சுற்றியவருக்கும் கொடியில் துணி போட மூச்சு வாங்கலாம்.

எடை அதற்கும் பிறகு, எலும்பு சேர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பின்னர். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ. அதைவிடத் திட்டமான டம்பெல் கடையில் இல்லை. எட்டு தடவை தொடங்கி, பன்னிரண்டு வரும்வரை எண்ணிக்கையை மட்டும் ஏற்றுங்கள். பன்னிரண்டு இரண்டு சுற்று சிரமமின்றி வந்தால்தான் எடையை ஏற்றுவது. அப்போது எண்ணிக்கை மறுபடி எட்டு. வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் விட்டு. சிரமம் பத்துக்கு மூன்று நான்கில் நிற்கட்டும். மறுநாள் காலை தோள் லேசாக வலித்தால் சரி, இரண்டு நாள் வலி நின்றால் ஏற்றியது அதிகம்.

மூச்சை அடக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தூக்கும்போது ஊதி வெளியே விடவேண்டும், இறக்கும்போது இழுக்கவேண்டும். எனக்கு இது வரவே இல்லை. அந்தப் பெண் சொன்ன வழி: "அம்மா, வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது." நான் எண்ணுவதற்குப் பதில் ஆத்திசூடி சொன்னேன். பன்னிரண்டு உயிரெழுத்துக்குப் பன்னிரண்டு தடவை. கணக்கு சரியாக வந்தது.

இதையெல்லாம் தனியாகச் செய்யாமல் முதல் மூன்று மாதம் மருத்துவமனையின் புனர்வாழ்வுப் பயிற்சிக்குப் போய்வருவது நல்லது. 2012இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்றில், சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்கள், ஓராண்டு முடிவிலும் செய்யாதவர்களைவிட அன்றாடம் அதிக நேரம் நடந்தார்கள். தூரமாக இருந்தால் வாரம் ஒரு நாளாவது நேரில், மற்ற நாள் வீடியோ அழைப்பில் என்று கேட்டுப் பாருங்கள்.

குளியலறை, அலமாரி, அடுப்படி

குளிக்க ஒரு ஸ்டூல், பாதி நிரப்பிய சின்ன மக். தலைக்குக் குளிப்பதை இரண்டாகப் பிரியுங்கள்: தேய்ப்பதற்கு ஒரு கை, நடுவில் இறக்கி ஓய்வு, பிறகு மறு கை. தலை பின்னும்போது மேசையில் இரண்டு தலையணை அடுக்கி முழங்கையை அதன்மேல் ஊன்றினால் பின்னல் முன்பக்கம் வரும், மூச்சும் வரும். நடுக்கமும் இதில் பாதி அடங்கும். டாக்ரோலிமஸ் போட்ட ஒன்றிரண்டு மணி நேரம் எனக்கு நடுக்கம் அதிகம். அந்த நேரத்தில் கொதிக்கும் ரசத்தை ஊற்றுவதையும் ஊசியில் நூல் கோப்பதையும் விட்டுவிட்டேன்.

பெண்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. பின்பக்கம் கொக்கி மாட்டும் உள்ளாடை சில மாதத்துக்கு ஆகாது. முன்பக்கம் கொக்கியுள்ளதாக, வெட்டுத் தழும்பில் உரசாத அகலப் பட்டியோடு வாங்கிக்கொள்ளுங்கள். மார்புக்குக் கீழே மரத்துப்போயிருப்பதால் உரசிப் புண்ணானாலும் தெரியாது, கண்ணாடியில் பார்க்கவேண்டும். தலைவழியாக மாட்டும் நைட்டியைவிட முன்பக்கம் திறப்புள்ளது சுலபம். புடவை கட்டக் கை நிறைய உயர வேண்டியதில்லை, கொசுவம் உட்கார்ந்தே வைக்கலாம். தோளில் முந்தானையைக் குத்தும் ஊக்குதான் ஆள் தேடும்.

சமையலறையில் தினமும் எடுக்கும் டப்பாக்கள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். ஆனால் நிரந்தரமாக அல்ல. இங்கேதான் குடும்பத்தாரின் அன்பு குறுக்கே நிற்கும். "நீ உட்கார், நான் எடுத்துத் தருகிறேன்" என்று மூன்று மாதம் கேட்டது அமிர்தம். ஆறாவது மாதமும் கேட்டுக்கொண்டிருந்தால் கை அங்கேயே நின்றுவிடும். நாங்கள் செய்தது: கதவு நிலையில் மூன்று உயரத்தில் ஆணி அடித்து, கொடியை முதலில் தோளுக்குக் கீழே கட்டினோம். கைக்குட்டை, பிறகு துண்டு, பிறகு ரவிக்கை. மூன்று மாதம் கழித்து அடுத்த ஆணி. டப்பாக்களும் அப்படியே, ஒன்றிரண்டாக மேல்தட்டுக்குத் திரும்பின, முதலில் கடுகு, கடைசியில் துவரம் பருப்பு.

பால்கனியில் துணி காயப்போடும் பெங்களூர் வீடுகளுக்கு இன்னொரு வில்லன்: புறா. அதன் எச்சத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், அதில் உள்ள பூஞ்சைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு ஆபத்து. கைக்குப் பயிற்சியாகட்டும் என்று நீங்கள் அதைத் துடைக்கப் போகாதீர்கள். வேறொருவர் நீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக் கழுவி, வலை கட்டட்டும். தொட்டி மண்ணைக் கிளறுவது, பக்கத்து மனையில் வீடு இடிக்கும்போது ஜன்னலோரம் நின்று பயிற்சி செய்வது, இரண்டும் வேண்டாம்.

எப்போது நிறுத்தி, போன் செய்வது

மார்பெலும்பு அசைவதுபோலவோ சொடுக்குவதுபோலவோ மறுபடி மறுபடி தோன்றினால், தழும்பு சிவந்தாலோ கசிந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு அழையுங்கள். கழுத்திலோ கையிலோ குழாய் வைத்திருந்தவர்களுக்கு ஒரு கை மட்டும் வீங்கினால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்; தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் அன்றே அழைக்கவேண்டும்.

மூச்சிரைப்புக்குக் கைதான் காரணம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதும் இரைத்தால், ஓய்வில் ஆக்சிஜன் 90க்குக் கீழே போனால், அல்லது வீட்டு ஸ்பைரோமீட்டரில், அதாவது மூச்சை ஊதி அளக்கும் கருவியில், ஊதும் அளவு உங்கள் வழக்கமான அளவிலிருந்து 10 விழுக்காடு இறங்கினால், அது தசையின் கதை அல்ல. நுரையீரலை உடம்பு எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். சென்ற வாரம் பன்னிரண்டு தடவை தூக்கியவருக்கு இந்த வாரம் ஏழுதான் வருகிறது என்றால், கையைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பைரோமீட்டரை ஊதிப் பாருங்கள். எனக்கு ஒரு முறை அந்தக் குறிப்பேட்டில்தான் முதலில் தெரிந்தது. காய்ச்சல் இரண்டு நாள் கழித்து வந்தது.

இப்போது வாரம் மூன்று நாள், நான்கு பிள்ளைகளுக்கு மட்டும், ஜன்னலைத் திறந்துவைத்துத் தமிழ் சொல்லித்தருகிறேன். சளி பிடித்த பிள்ளைக்கு அன்று விடுமுறை. சாக்பீஸ் தூள் ஆகாது என்பதால் வெள்ளைப் பலகையும் மார்க்கரும். பலகையைச் சற்றுத் தாழ்த்தியே மாட்டியிருக்கிறோம். மேல்வரியில் தேதியும் கிழமையும் எழுதுகிறேன். செய்யுள் முழுவதும் எழுதவேண்டிய நாளில் நான்காவது வரியில் கையை இறக்கிவிட்டு, ஐந்தாவது வரியை எழுத ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிறேன்.